உறுவையாறு வழியாகப் பாகூர்

சனங்கள் கடையைத் தேடி வரும்வரை காத்திருக்கக் கூடாது, இனிமேல் கடைதான் சனங்களைத் தேடிப் போக வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பல் விளக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளையெல்லாம் நான் பல் விளக்கும்போதுதான் எடுப்பது. வாயில் வேப்பங்குச்சி இருக்கும். பெண்டாட்டியிடம் யோசனை கேட்க முடியாது.

வில்லியனூர்க் கடைத்தெருவில் சிங்காரவேலு மளிகை என்றால் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சிங்காரவேலு நான்தான் என்பது பல பேருக்குத் தெரியாது. காரணம் என் மனைவி அம்சவள்ளி. மத்தியானம் நான் சாப்பிட்டுக் கண் அசரும் நேரத்தில் அவள் கடையில் உட்காருவாள். என் கண் கொஞ்சம் அசந்தால் போதும், கடையில் நாலு மூட்டை அசைந்துவிடும். நாள் முழுக்க நான் உட்கார்ந்தால் ஈதான் அசையும். ஒருநாள் மங்கலத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கல்லாவில் என்னைப் பார்த்தார். கடைக்காரம்மா இல்லையா என்று கேட்டார். சாப்பிடப் போயிருக்கிறாள் என்றேன். அப்படியானால் பிறகு வருகிறேன் என்று போய் எதிர்வெயிலில் நின்றுகொண்டார். நிழல்கூட இல்லாத இடம். என்னிடம் வாங்குவதைவிட வெயில் தேவலை என்று நினைத்திருக்கிறார்.

அதனால்தான் வண்டி. ஒற்றை மாட்டு வண்டியில் சரக்கை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் இறக்குவது. வண்டியில் அம்சவள்ளி இருக்க மாட்டாள். வாங்குகிறவர்கள் என்னிடம்தான் வாங்கியாக வேண்டும்.

இது வெளியே சொல்லிக்கொள்ளும் காரணம். உள்ளே ஒன்று இருந்தது. உறுவையாற்றில் சுப்புராயன் என்று எனக்கு ஒரு சிநேகிதன். ஆற்றோரம் அவனுக்கு ஒரு மாந்தோப்பு. மத்தியானமானால் அங்கே சீட்டாட்டம். அவனோடு இன்னும் இரண்டு பேர். நாலாவது கை இல்லாமல் ஆட்டம் நொண்டுகிறது என்று அவன் எனக்கு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தான். பணம் காசு கிடையாது. தோற்றவன் காதில் மாவிலையைச் செருகிக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சீட்டு என்ற சொல்லை வீட்டில் சொன்னாலே அம்சவள்ளி சீட்டுக் கிழித்துவிடுவாள்.

ஆகவே என் திட்டத்தில் ஒரே ஒரு சூட்சுமம்தான். எந்த ஊர் முதலில், எந்த ஊர் பிறகு என்று எப்படிப் போட்டாலும், உச்சிவேளையில் வண்டி உறுவையாற்றில் நிற்க வேண்டும்.

சொல்வதற்குச் சுலபம். உறுவையாறு வில்லியனூருக்குப் பக்கத்து ஊர். காலையில் புறப்பட்டால் முதலில் வருவதே அதுதான். அதைத் தாண்டித்தான் மங்கலம். பக்கத்து ஊரைத் தாண்டித் தூரத்து ஊருக்குப் போய், திரும்பி வரும்போது பக்கத்து ஊரில் இறக்குவதற்கு ஒரு நியாயம் வேண்டும். இரண்டு நாள் பல் விளக்கி ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தேன்.

அன்று சாயங்காலம் அம்சவள்ளியைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தரையிலேயே சீமையைப் பரப்பினேன். வில்லியனூருக்கு ஒரு வெல்லக் கட்டி. ஒதியம்பட்டுக்கு ஒரு கொட்டைப் புளி. மங்கலத்துக்கு ஒரு மிளகாய். உறுவையாற்றுக்கு ஒரு முந்திரிப்பருப்பு. ஆற்றுக்கு உப்பால் ஒரு கோடு இழுத்தேன். பிறகு விரலையே வண்டியாக ஓட்டிக் காட்டினேன். காலைக் குளிர்ச்சியில் மாட்டுக்குத் தெம்பு இருக்கும். அப்போதே தூரத்து ஊரை முடித்துவிட வேண்டும். மத்தியானம் ஆற்று மணல் கொதிக்கும். மாட்டுக்குக் குளம்பு வெந்துபோகும். அந்த நேரத்துக்கு நிழலும் தண்ணீரும் உள்ள ஊரில் மாட்டை அவிழ்த்துவிட வேண்டும். அப்படிப்பட்ட ஊர் இந்தப் பக்கத்தில் உறுவையாறு ஒன்றுதான். மாட்டின் நன்மையைப் பற்றி நான் பேசியதைக் கேட்டிருந்தால் அந்த மாடே அழுதிருக்கும்.

அம்சவள்ளி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை.

"நல்ல யோசனைதாங்க. அப்பிடியே செய்ங்க" என்றாள்.

எழுந்து போகும்போது உறுவையாற்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என் யோசனை எதையும் நல்ல யோசனை என்று அவள் சொன்னதில்லை. சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

முதல் சில வாரம் சொர்க்கம். காலையில் ஒதியம்பட்டு, மங்கலம். உச்சிவேளையில் தோப்பு. மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டுவேன். சுப்புராயன் பாயை விரித்துச் சீட்டைக் கலைப்பான். ஆற்றுக் காற்று வீசும். வெயில் தாழ்ந்ததும் உறுவையாற்றுத் தெருவுக்குள் வண்டியை ஓட்டி அவசர அவசரமாகச் சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். கேட்டால் மாடு களைத்துவிட்டது என்பேன். மாடு தின்று தூங்கி ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

ஒருநாள் வண்டி தோப்புக்குள் நுழைந்தது. பாய் விரித்த இடத்தில் பாய் இல்லை. பொம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். உறுவையாற்றுப் பொம்பளைகள் எல்லாரும். கையில் கூடை, முறம், எண்ணெய்க் கிண்ணம். சுப்புராயனும் மற்ற இரண்டு பேரும் தோப்பு வேலியோரம் ஒட்டிக்கொண்டு, குற்றம் செய்த பிள்ளைகளைப் போல நின்றார்கள்.

கனகாம்பாள் என்று அந்த ஊரில் ஒரு பெரிய மனுஷி. வாய்க்கு ஊரே அடங்கும். அவள்தான் முன்னால் வந்து விஷயத்தைச் சொன்னாள். கடைக்காரம்மா சொல்லி அனுப்பினாளாம். வெயிலில் எங்கள் வீட்டுக்காரர் தெருத்தெருவாக அலைவது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, எப்படியும் உச்சிவேளையில் சுப்புராயன் தோப்பில்தான் இருப்பார், நீங்களே அங்கே போய் வாங்கிக்கொண்டால் புண்ணியமாகப் போகும் என்றாளாம்.

"இவ்ளோ நல்ல பொண்டாட்டி எவனுக்குக் கெடைக்கும்?" என்று கனகாம்பாள் கேட்டாள்.

நான் தராசை எடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம்வரை எடுத்த தராசைக் கீழே வைக்க முடியவில்லை. வேலியோரம் நின்ற சுப்புராயனைக் கனகாம்பாள் சும்மா நிற்க விடவில்லை. மூட்டை பிரிக்கச் சொன்னாள். சீட்டு கலைத்த கையால் அவன் துவரம்பருப்பு அள்ளினான். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் பருப்பு வெந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தேன். அம்சவள்ளி வெந்நீர் வைத்திருந்தாள். தோப்பைப் பற்றி அவளாக ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், தோப்பில் நான் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டும். அதற்கு அவள், தோப்பில் என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். மௌனம்தான் மலிவு.

ஆட்டத்தை மங்கலத்துச் செங்கல் சூளைக்கு மாற்றினோம். வழியையும் மாற்றினேன். அன்று உறுவையாறு முதலில், மங்கலம் பிறகு. யாரிடமும் மூச்சு விடவில்லை. சூளைக் கொட்டகைக்குப் போனேன். மங்கலத்துப் பொம்பளைகள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த தடவை ஒதியம்பட்டு ஏரிக்கரை. அங்கேயும் கூடை.

எங்கே போவது என்று சரக்கு ஏற்றும்போதுதான் நானே முடிவு செய்கிறேன். நான் யாருக்கும் சொல்லாதது அவளுக்கு எப்படித் தெரிகிறது? ராத்திரி தூக்கத்தில் உளறுகிறேனோ என்று சந்தேகப்பட்டு வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்தேன். பல்வலியா என்று கேட்டு அம்சவள்ளி கிராம்பு கொண்டுவந்தாள்.

உண்மை மோர்க்காரி தையலம்மாள் வாயிலிருந்து வந்தது. ஊர் ஊராக மோர்ப்பானை சுமப்பவள் அவள். விடியலில் எங்கள் கடைத்தெருவுக்கு வந்து விற்றுவிட்டு வரப்பு வழியாகத் திரும்புவாள். வண்டி சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவள் குறுக்கே நடந்து இரண்டு ஊர் தாண்டிவிடுவாள். இதெல்லாம் எனக்கும் தெரிந்த ஏற்பாடு என்று நினைத்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"வண்டியில இன்னா மேல இருக்குதுன்னு ஒங்க வூட்டம்மா பாப்பாங்க. மேல இருக்கறதுதானே மொதல்ல எறங்கும்? மங்கலத்து மொளகா மூட்டை மேல இருந்தா, மொதல்ல மங்கலம். அப்ப உச்சிக்கு உறுவையாறு. அது அடியில கெடந்தா, மங்கலம் கடைசி. எனுக்குச் சொல்லுவாங்க, நான் போற வழியில சொல்லிகினு போவேன். ஒங்க கூட்டாளிங்க எங்க குந்தியிருக்காங்கன்னு அந்தந்த ஊரு பொம்பளைங்களே பாத்துக்குவாங்க."

முதலில் இறங்குவதைக் கடைசியில் ஏற்ற வேண்டும் என்பது வண்டிக்காரனுக்கெல்லாம் தெரிந்த பாலபாடம். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். வண்டி ஏற்றும் நேரத்தில் பெருமையடித்துக்கொண்டது. என் வாயே என் வண்டிக்கு முன்னால் ஓடியிருக்கிறது.

ஆனால் சூட்சுமம் தெரிந்துவிட்டால் அதைத் திருப்பியும் போடலாம் அல்லவா? அதற்குத் தோதாக ஒரு நல்ல நாளும் வந்தது.

பாகூரில் கலியம்மாள் வீட்டுக் கல்யாணம். பாகூர் அம்சவள்ளி பிறந்த ஊர். கலியம்மாள் அவளோடு கூடப் பிறக்காத குறையாக வளர்ந்தவள். கல்யாணச் சாமான் முழுதும் எங்கள் கடையிலிருந்து போக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மத்தியானத்துக்குள் சரக்கு இறங்க வேண்டும்; சமையல்காரர்கள் சாயங்காலப் பந்திக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். அந்த ஊருக்கு நான் மாப்பிள்ளை. தாமதமானால் மானம் போகும். அம்சவள்ளி இதை என்னிடம் பல தடவை சொன்னாள். அரியாங்குப்பம் சாலையில் நேராகப் போய்விடுங்கள், வழியில் எங்கேயும் அவிழ்க்காதீர்கள் என்றாள். அப்படியே ஆகட்டும் என்றேன்.

நான் போட்ட கணக்கு வேறு. விடியற்காலையில் புறப்பட்டு உறுவையாற்றில் ஒரு நாலு ஆட்டம். பிறகு, பிரெஞ்சுக்காரன் ஆளும் நம் ஊர்களுக்கு நடுவில் ஒரு துண்டு இங்கிலீஷ்காரன் நிலம் வருகிறது. அதற்குள் புகுந்து போனால் பாகூருக்குப் பாதி தூரம். மத்தியானத்துக்குள் சேர்ந்துவிடலாம். அம்சவள்ளியை ஏமாற்ற, அரியாங்குப்பத்தில் ஒருவர் கேட்டிருந்த புண்ணாக்கு மூட்டையை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றிவிட வேண்டியது. மேலே புண்ணாக்கைப் பார்த்தால் வண்டி அரியாங்குப்பம் போகிறது என்று அவள் நினைப்பாள். உறுவையாற்றுப் பொம்பளைகளுக்குத் தகவல் போகாது.

முதல் நாள் கல்யாணச் சாமானையெல்லாம் அம்சவள்ளியே மூட்டை கட்டி, வாயைத் தைத்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். எனக்கு அவள்மேல் பாசமே வந்துவிட்டது. எங்கள் கடையில் மூட்டை தூக்கும் முத்துசாமி அதையெல்லாம் பூமாலையைத் தூக்குவது மாதிரி தூக்கி வண்டியில் போட்டான். நான் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு உத்தரவு கொடுத்தேன். கடைசியில் புண்ணாக்கு மூட்டையைத் தூக்கும்போது மட்டும் முனகினான். வயிற்றுக்குச் சாப்பிடுடா என்று புத்தி சொன்னேன்.

விடியலில் வண்டி பறந்தது. அவ்வளவு சரக்கை ஏற்றிக்கொண்டு மாடு கன்றுக்குட்டியைப் போலத் துள்ளியது. பாரத்தைப் பார்த்துச் சமமாக ஏற்றினால் மாட்டுக்குச் சுமையே தெரியாது என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தோப்பில் ஒரு கூடைகூட இல்லை. பாய் விரித்திருந்தது. ஜெயித்துவிட்டேன்.

நாலு ஆட்டம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் என் காதில் மாவிலை ஏறிவிட்டது. மாவிலையோடு எழுந்திருக்க எந்த ஆம்பிளைக்கும் மனசு வராது. அதை இறக்குவதற்குள் இன்னொரு காதிலும் ஏறியது. தலையை நிமிர்த்திப் பார்த்தேன். மர நிழல் காலடியிலிருந்து நகர்ந்து வேலியைத் தாண்டிப் போயிருந்தது. மத்தியானம் எப்போதோ போய்விட்டது.

மாட்டைப் பூட்டி விரட்டினேன். இங்கிலீஷ்காரன் எல்லைக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுங்கச் சாவடி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உப்பு ஞாபகம் வந்தது. கல்யாணச் சாமானில் ஒரு மூட்டை உப்பு. அந்தப் பக்கம் ஆள்வதும் வெள்ளைக்காரன், இந்தப் பக்கம் ஆள்வதும் வெள்ளைக்காரன். ஆனாலும் நம் பக்கத்து உப்பை அவன் பக்கம் கொண்டுபோனால் கையில் விலங்குதான். உப்புக்காக ஊர் ஊராகச் சனங்கள் ஜெயிலுக்குப் போய்ச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. உப்பு என்று சொன்னாலே சேவகர்கள் தடியைத் தேடுவார்கள்.

திருப்பவும் முடியாது. சேவகன் பார்த்துவிட்டான். வண்டியில் என்ன என்று கேட்டான். கல்யாணச் சாமான் என்றேன். அரிசி, பருப்பு, வெல்லம், புளி, மிளகாய் என்று வரிசையாகச் சொன்னேன். அந்த வரிசையில் ஒன்று குறைவதை அவனும் கவனித்துவிட்டான்.

"உப்பு போடாமயா கல்யாணம் பண்றீங்க?" என்றான்.

மூட்டையைக் குத்திப் பார்க்கும் குத்தூசியை எடுத்து வந்தான். எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். அரிசி மூட்டையில் குத்தினான். ஊசி வெண்ணெயில் போவது போல முழுசாக உள்ளே போனது. இழுத்தான். கொட்டியது அரிசி இல்லை.

உமி.

அவன் என்னைப் பார்த்தான். நான் உமியைப் பார்த்தேன். பருப்பு மூட்டையில் குத்தினான். உமி. வெல்லம் என்று நான் சொன்ன மூட்டையில் குத்தினான். உமி. உப்பு மூட்டை என்று எனக்கு மட்டும் தெரிந்த மூட்டை. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதிலும் உமி. அந்த வண்டியில் நிஜமாக இருந்தது மேலே கிடந்த புண்ணாக்கு மட்டும்தான். சரியாகச் சொன்னால் இரண்டு புண்ணாக்கு. ஒன்று மூட்டையில். ஒன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால்.

உமிக்குள் வேறு எதையாவது ஒளித்திருக்கிறேனோ என்று சேவகன் தோள்வரை கையை விட்டுத் துழாவினான். உடம்பெல்லாம் அரித்ததுதான் மிச்சம். உமிக்கு வரி போடலாம் என்று இரண்டு சர்க்காருக்கும் இதுவரை தோன்றவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே, வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்தீரா என்று பரிதாபமாகக் கேட்டான். பிறகு போகச் சொன்னான்.

வண்டி நகர்ந்தது. நான் நகரவில்லை. மனசு அந்தச் சாவடியிலேயே நின்றது. இரண்டு தரம் கையைக் கிள்ளிப் பார்த்தேன். பிறகு மெல்ல விளங்கியது. தோப்பில் நான் வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். நடுவில் சுப்புராயன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன் என்று எழுந்து போனான். அவன்தான். மூட்டையை மாற்றியது அவன்தான். சிநேகிதன் என்று நம்பினேனே. கல்யாண வீட்டு அரிசியில் கை வைப்பவன் விளங்குவானா என்று மாட்டிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். ஒரே மனுஷன் அத்தனை மூட்டையையும் உமியாக மாற்ற எத்தனை நேரம் வேண்டும், அத்தனை உமிக்கு எங்கே போவான் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அதிர்ச்சியில் இருப்பவனுக்குக் கணக்கு வராது.

ஆனால் இதைப் பாகூரில் சொல்ல முடியாது. தோப்பில் வண்டி ஏன் நின்றது என்று கேட்பார்கள். ஆகவே எல்லையோரத்தில் வண்டியை நிறுத்தினேன். வேட்டியை ஓரத்தில் கிழித்துக்கொண்டேன். துண்டை மண்ணில் புரட்டினேன். கொஞ்சம் மண்ணை எடுத்து நெற்றியிலும் தேய்த்தேன். கண்ணாடி இல்லாததால் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறேன் என்று தெரியவில்லை. மாடு மிரண்டு பின்வாங்கியதைப் பார்த்து, போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் கல்யாண வீட்டுப் பந்தல் முன்னால் வண்டி நின்றது. கலியம்மாள் வாசலிலேயே இருந்தாள். இறங்கும்போதே தள்ளாடினேன். சம்பந்திகள் திரும்பிப் பார்த்தார்கள். பெண்ணுக்கு மாமன், சித்தப்பன் எல்லாரும் கூடிவிட்டார்கள். கூட்டம் கூடியதும் எனக்கும் தெம்பு வந்தது. ஆற்றங்கரையில் முகத்தில் கரி பூசிய திருடர்கள் வழிமறித்ததைச் சொன்னேன். முதலில் மூன்று பேர் என்றேன். சம்பந்தி கண்ணை விரித்ததைப் பார்த்து ஐந்தாக ஆக்கினேன். சாட்டைக் கழியாலேயே ஒருத்தன் மண்டையைப் பிளந்தேன். இருந்தாலும் தனி ஆள் என்ன செய்வான்? சாமானை அள்ளிக்கொண்டு, போகும்போது என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள உமியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கலியம்மா, ஒன் பொண்ணு கல்யாணத்துக்கு நான் வெறுங்கையோட வந்து நிக்கறேனே என்று துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டேன். துண்டிலிருந்த மண் கண்ணில் விழுந்து நிஜமாகவே கண்ணீர் வந்தது.

கலியம்மாள் முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. பெரிய துக்கத்தில் சில பேர் அப்படி உறைந்துபோவார்கள் என்று நினைத்தேன்.

"மொதல்ல சாப்புடுங்க மாப்ள. அலைஞ்சி வந்திருக்கீங்க" என்றாள்.

கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்தார்கள். இலை விழுந்தது. சோறு விழுந்தது. சாம்பார் விழுந்தது. பசி காதை அடைத்தது. பூசணிக்காய்ச் சாம்பார், வாழைக்காய் வறுவல், ரசம். இரண்டு கவளம் உள்ளே போன பிறகுதான் மூன்றாவது கவளம் வாசலிலேயே நின்றது.

இந்தச் சோற்றுக்கு அரிசி எங்கிருந்து வந்தது?

பருப்பு எங்கிருந்து வந்தது? புளி? பெருங்காயம்? நாக்கில் இருந்தது எங்கள் கடைப் பெருங்காயம்தான். உலகத்தில் எதை மறந்தாலும் அந்த வாசனையை மறக்க மாட்டேன். கை கவளத்தோடு அந்தரத்தில் நின்றது. அப்போது இலையில் அப்பளம் வைக்க ஒரு கை நீண்டது. அந்தக் கை வளையல்களை எனக்குத் தெரியும். தாலி கட்டிய நாளிலிருந்து தெரியும்.

நான் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தும் தைரியம் வரவில்லை. அம்சவள்ளி அப்பளத்தை வைத்துவிட்டு, ரசத்துக்குச் சோற்றைக் குழி செய்யுங்கள் என்றாள். செய்தேன். குழி ஆற்றுக் கால்வாய் மாதிரி கோணலாகப் போனது.

"நீ எப்ப வந்தே?" என்று இலையைப் பார்த்துக் கேட்டேன்.

விடிந்து, நான் கிளம்பிய பிறகு, முத்துசாமியைக் கடையில் உட்காரவைத்துவிட்டு வேறு ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டு அரியாங்குப்பம் சாலையில் நேராக வந்தாளாம். மத்தியானத்துக்கு முன்னாலேயே அரிசியிலிருந்து உப்புவரை எல்லாம் இறங்கிவிட்டதாம். தோப்புக்கு நான் போவேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. முந்தாநேத்து சீட்டு ஒண்ணோடொண்ணு ஒட்டாம இருக்க அரிசிமாவு தடவிகினு இருந்தீங்க. நேரா பாகூர் போறவருக்குச் சீட்டுல இன்னா மாவு?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சம்பந்தி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இரண்டு காதையும் எங்கள் பக்கம் வைத்திருந்தார்.

அப்படியானால் அந்த உமி எதற்கு, சாவடியில் ஊரெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கவா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். சாவடி சமாசாரம் அவளுக்கே தெரியாது. அவள் சொன்னதைக் கேட்ட பிறகு, இத்தனை நேரம் எனக்கு வந்தது அதிர்ச்சியே இல்லை, அதற்கு ஒத்திகை என்று தோன்றியது.

"பலகாரம் போடறவரு உமி அடுப்புதான் வேணும்னு கேட்டிருந்தாரு. நெருப்பு நின்னு எரியுமாம். அரிசியை ஒங்கள நம்பி அனுப்பல. உமியையாவது உச்சிக்குள்ள கொண்டாந்துடுவீங்கன்னு இருந்தேன். பாவம், அந்த மனுஷன் மாவைப் பெசைஞ்சி வச்சிகினு வெயில் சாயற வரைக்கும் ஒங்க வழியையே பாத்துகினு இருந்தாரு."

அதற்குள் திருடர் விஷயம் சமையல்கட்டுவரை போய்விட்டது. "நீ அரிசி கொண்டா, நான் உமி கொண்டாறேன், ரெண்டு பேரும் ஊதி ஊதித் திங்கலாம்னு பழமொழி சொல்லுவாங்க. இன்னிக்குத்தான் புருஷனும் பொண்டாட்டியுமா கொண்டாந்து பாத்தேன்" என்று கலியம்மாள் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. சிரிப்பு பந்தலின் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலைக்குப் போய்த் திரும்பியது. சம்பந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர். அந்த ஐந்து திருடரில் யார் மண்டை உடைந்தது என்று மட்டும் விசாரித்தார்.

இலையை மடித்துவிட்டு எழுந்தேன். கிழிந்த வேட்டியோடு உமி மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலையில் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பலகாரக்காரர் மூட்டையை வெடுக்கென்று பிடுங்கி அடுப்பில் கொட்டினார். அதிரசம் மட்டும் ராத்திரிக்குள் எப்படியோ வந்துவிட்டது. என் பங்குக்கு ஒன்று கொடுத்தார்கள். கொஞ்சம் கருகியிருந்தது.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் ஊருக்குத் திரும்பினோம். அம்சவள்ளி வண்டியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து தாம்பூலம் போட்டுக்கொண்டு வந்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். வழியெல்லாம் காத்திருந்தேன். உறுவையாற்றுப் பிரிவு வந்தது. நான் கயிற்றைத் தொடவில்லை. மாடு தானாகவே நேர்ச்சாலையில் திரும்பி நடையைப் போட்டது.

அப்போதுதான் அம்சவள்ளி வாயைத் திறந்தாள்.

"நாளையிலேர்ந்து எந்த ஊரு மொதல்ல, எந்த ஊரு பொறவுன்னு யோசிச்சி ஒடம்பக் கெடுத்துக்காதீங்க. மாட்டுக்குச் சொல்லிட்டேன்."